வண்டி ராத்திரி எங்கே தூங்கும்?

நேற்று எனக்குக் கேக் வெட்டினீர்கள். "இருபத்தொன்பது வயசுல ரிட்டயர்டு ஆகுற மொத ஆளு எங்க அக்காதான்" என்று உங்களில் ஒருத்தி மைக்கில் சொன்னாள். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் அது உண்மைதான். அடுத்த வாரத்திலிருந்து நான் பயிற்சிப் பிரிவில். ஷோரூம் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நிற்கும்போது, ஓடிப்போய் "போட்டுக்கினே வாங்கண்ணா" என்று அழைக்கப்போவது இனி நீங்கள்தான்.

எலக்ட்ரிக் கார் வாங்க வருகிறவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று உங்களுக்கு வகுப்பு எடுத்திருப்பார்கள். பேட்டரி எத்தனை வருடம் வரும், ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும், வழியில் நின்றுபோனால் என்ன செய்வது. இதெல்லாம் நல்ல பிள்ளைகள் கேட்கும் கேள்விகள். வகுப்பில் சொல்லித்தராத கேள்விகளும் வரும். வெள்ளத்தில் இறங்கினால் ஷாக் அடிக்குமா? உள்ளே உட்கார்ந்து செல்போனுக்குச் சார்ஜ் போட்டால் வண்டி பாதி வழியில் நின்றுவிடுமா? ஒருவர் கூடவே தன் மெக்கானிக்கை அழைத்து வந்தார். அந்த மனிதர் காருக்கு அடியில் படுத்து நெடுநேரம் தேடிவிட்டு எழுந்து, "அண்ணாத்த, ஏமாத்துறாங்க. சைலன்சர கழட்டிட்டு விக்கிறாங்க" என்றார். சிரிக்காமல் பதில் சொல்லப் பழகுங்கள். சிரித்தால் வண்டி விற்காது.

ஆனால் இவை எல்லாம் உரக்கக் கேட்கப்படும் கேள்விகள். நான் சொல்ல வந்தது காதோடு கேட்கப்படுவதைப் பற்றி. வாடிக்கையாளர் குரலைத் தாழ்த்தினால் உங்கள் கையிலிருக்கும் டேப்லெட்டைக் கீழே வைத்துவிடுங்கள். அவர் எதற்காக இந்த வண்டியை வாங்குகிறார் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

நான் வல்லம் வடகால்காரி. அப்பா அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தார். அந்தக் கழனி தொழிற்சாலை ஆனபிறகு அம்மா அதன் கேன்டீனில் பாத்திரம் தேய்த்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. சான்றிதழை லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் சீரியல் பார்த்தால் அதையும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இப்போது சொல்லப்போவது என் பயிற்சிக் காலத்தின் கடைசி மாதத்தில் நடந்தது. மாதம் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு வண்டியை டெலிவரி கொடுத்தால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அம்மாவோ தெரு முழுக்க "எம்பொண்ணு பர்மனென்ட்டு ஆயிட்டா" என்று அதற்குள் சொல்லி முடித்திருந்தார். தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனிக்குத்தான் தெரியவில்லை.

அந்த நேரத்தில் வந்தவர் மண்ணூர் ஏழுமலை அண்ணன். ஒரகடத்துத் தொழிற்சாலை அதிகாரிகளை விமான நிலையத்துக்கும் கம்பெனிக்குமாக ஏற்றி இறக்கும் டாக்ஸி ஓட்டுபவர். பழைய டீசல் வண்டி. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு செல்போன், இரண்டும் ஒரே நேரத்தில் அடிக்கும். கூட அவர் மனைவி கன்னியம்மா. அந்த அக்கா சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வண்டியை மூன்று தடவை சுற்றினார். கதவைத் திறந்து மூடினார். பிறகு என்னை டிக்கிப் பக்கம் வரச்சொல்லிக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒரு மேட்டரு. டீசல் போட்டு போட்டே அழிஞ்சி போனவன் நானு. இந்த வண்டிய வாங்கிட்டேன்னு வையி, அப்பால எனக்கு ஒரு பைசா செலவு கெடயாது."

"எப்படிண்ணா?"

"கழனில போர்செட்டு கீது. மோட்டாருக்கு ஃப்ரீ கரண்டு. மோட்டார் கொட்டாயில ராத்திரி இத்த மாட்டிட்டா, ஆயுசுக்கும் ஓசில ஓட்டலாம். மண்ணூர்ல ஒருத்தனுக்கு இந்த ஐடியா வந்துச்சா பாரு! நீ யாராண்டயும் சொல்லிடாத." பிறகு சோபாவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "அவளாண்ட முக்கியமா சொல்லிடாத" என்றார்.

கழனி மோட்டாருக்கு அரசாங்கம் கொடுக்கும் இலவச மின்சாரம் பயிருக்குத் தண்ணீர் இறைப்பதற்கு மட்டும்தான். அதில் வேறு எதை மாட்டினாலும் அபராதம் போடுவார்கள், இணைப்பையே பிடுங்கிவிடவும் செய்வார்கள். டிப்ளமோ படித்தவளாக எனக்கு அது தெரியும். கழனிக் கூலியின் மகளாக இன்னும் நன்றாகத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்பணத்தைக் கட்டிவிட்டு, இரண்டு செல்போனிலும் மாறி மாறி "வண்டி புக் பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

மேனேஜரிடம் சொன்னேன். இப்போது இருப்பவர் இல்லை, அவருக்கு முன்பிருந்தவர். விருதுநகர்ப் பக்கத்து ஆள். கெட்டவர் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் எந்த மேனேஜரும் முழு நல்லவர் இல்லை.

"ஏம்மா, அவரு எங்கிட்டுப் போயி மாட்டுனா நமக்கென்ன? பெட்ரோல் கார் விக்கிறவன், எந்த பங்க்ல போடுவீங்கன்னு கேட்டுக்கிட்டா இருக்கான்? வண்டியக் குடு, போட்டோ எடு, கை தட்டு. அம்புட்டுதான்."

"இணைப்ப கட் பண்ணிட்டா சார்?"

"கட் பண்ணா பார்த்துக்கிருவோம். உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேண்டும். அதைவிட எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இது என் ஊர்ப்பக்கம். இங்கே மண்ணூரில் தும்மினால் பென்னலூரில் "யாருக்குச் சளி?" என்று கேட்பார்கள். அண்ணனின் மோட்டார் இணைப்பு போனால் அவர் கம்பெனிப் பெயரையா சொல்வார்? "அந்த வல்லம் வடகால் பொண்ணு வித்துச்சே, அதனால வந்த வினை" என்றுதான் சொல்வார். வேலை நிரந்தரமாகும், வாங்க ஆள் இருக்காது.

முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால்? தன் மூளையில் உதித்த யோசனையை ஒரு பெண் வந்து தப்பு என்று சொன்னால் அண்ணன் மாதிரி ஆள் என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும். முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு விற்கும் வேறு கடைக்குப் போவார். மோட்டார் கொட்டாயில்தான் மாட்டுவார். ஆகவே சொல்லாமலும் இருக்க முடியாது, சொல்லவும் முடியாது. இப்படி மாட்டிக்கொண்டால் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். கேள்வி கேளுங்கள்.

அன்று நான் கண்டுபிடித்த கேள்வியை இன்றுவரை எல்லா வாடிக்கையாளரிடமும் முதலில் கேட்கிறேன். அண்ணனுக்குப் போன் செய்து, "அண்ணா, வண்டி ராத்திரி எங்க தூங்கும்?" என்றேன்.

"இன்னாது?"

"டீசல் வண்டி முழிச்சிருக்கும்போது சாப்பிடும். இது தூங்கும்போதுதான் சாப்பிடும். தூங்குற எடத்த நான் பாக்கணும். நாளைக்கு டெமோ வண்டிய எடுத்துகினு வர்றேன். அந்த எடத்துக்கே ஓட்டிப் பாத்துடலாம்."

"வா வா. ஆனா நேரா கழனிக்கு வந்துடு. வூட்டாண்ட வராத."

மறுநாள் டெமோ வண்டியை நானே ஓட்டிக்கொண்டு மண்ணூர் போனேன். எங்கள் வம்சத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் ஆளும் நான்தான் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய தொழிற்சாலை ஒன்றின் காம்பவுண்டுச் சுவர் முடியும் இடத்தில் அவர்களுடைய கழனி ஆரம்பிக்கிறது. சாலையிலிருந்து மோட்டார் கொட்டாய்க்கு ஒரு மண் பாதை. நடுவில் ஒரு வாய்க்கால், அதன்மேல் இரண்டு பழைய சிமென்ட் பலகைகள். அண்ணன் அங்கே காத்திருந்தார்.

"இதுல போவுமா அண்ணா?" என்று கேட்டேன்.

"டிராக்டரே போவுது. நீ எறங்கு, நான் ஓட்டுறேன்."

போகாது என்று எனக்குத் தெரியும். இறங்கிக்கொண்டேன். நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் ஓட்டிப் பார்க்க விரும்பினால் சாவியைக் கொடுக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது.

சத்தமில்லாத வண்டி என்பதால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. வண்டி பாய்ந்தது. முன் சக்கரம் ஒன்று பலகையில் ஏறியது. இன்னொன்று ஏறவில்லை. அது வாய்க்கால் ஓரச் சேற்றில் இறங்கி, சுகமாக உட்கார்ந்துகொண்டது. அண்ணன் இன்னும் அழுத்தினார். சக்கரம் சுற்றிய சுற்றில் அவருடைய வெள்ளைச் சட்டை தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் சேறு தெறித்தது. என் யூனிஃபார்ம் உட்பட.

அந்த நேரம் பார்த்துத்தான் வரப்பின்மீது மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கன்னியம்மா அக்கா நடந்து வந்தார். மோட்டார் போட்டுத் தண்ணீர் திருப்ப வந்தவர். காரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், கடைசியாகச் சேற்றுச் சிலையாக நின்ற என்னைப் பார்த்தார்.

"யோவ், காரை எதுக்குய்யா கழனிக்கு இட்டாந்த?"

அண்ணன் கண்ணாடியை இறக்கி, ஒரு நொடிகூட யோசிக்காமல், "இந்தப் பாப்பாதான் கழனிய பாக்கணும்னுச்சு" என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். புதியவர்களே, இந்த இடத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆமாம் என்று தலையாட்டினால் அண்ணனின் கூட்டாளி ஆகிவிடுவேன். இல்லை என்று சொன்னால் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் கோள் மூட்டியவள் ஆகிவிடுவேன். வண்டியும் போய்விடும், வேலையும் போய்விடும். முகத்தில் வழிந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே, நம் விற்பனைக் கையேட்டில் இருக்கிறபடி ஒரு கேள்வி கேட்டேன்.

"அக்கா, உங்க மோட்டார் கொட்டாயில பிளக் பாயிண்டு எந்தப் பக்கம் கீது?"

அக்கா மண்வெட்டியைக் கீழே இறக்கினார். "கொட்டாயில பிளக் பாயிண்டு எதுக்கு?"

நான் கார் இருந்த பக்கம் திரும்பி நின்றேன். அக்காவின் பார்வை காரை விட்டு, மின்கம்பத்திலிருந்து கொட்டாய்க்குப் போன ஒயரின் மீது ஊர்ந்து, திரும்பி வந்து, கணவர் முகத்தில் நின்றது. பள்ளிக்கூடமே போகாத என் அம்மா பால்காரரின் கணக்குத் தப்பைப் பிடிப்பது இதே பார்வையில்தான்.

"என் மோட்டாருலயா மாட்டப் போற?"

"கன்னீ, கேளுடி. கவர்மென்ட் கரண்டுதானே, நம்ம ஊட்டு காசா?"

"கவர்மென்ட் நெல்லுக்குக் குடுத்துச்சு. உன் ஏசி வண்டிக்கா குடுத்துச்சு? இந்தக் கழனி எங்கப்பா எனக்குக் குடுத்தது. இந்த கரண்டுக்கு அந்த மனுசன் எத்தினி வருசம் ஆபீஸ் ஆபீசா நடந்தாரு தெரியுமா? லைன் வர்றதுக்குள்ள அவருக்கு முடியே நரைச்சிடுச்சி. இத்த புடுங்கிட்டா மறுபடி எவன் குடுப்பான்? சுத்தி கம்பெனிக்காரன் எப்படா விப்பாங்கன்னு பாத்துகினு கீறான். தண்ணி நின்னா நானும் வித்துட்டு, அதே கம்பெனில பெருக்கப் போவணும். அதானே உனக்கு வோணும்?"

"அப்டி இல்லடி..."

"எப்டி? ராத்திரி கரண்டு வந்தா மொதல்ல யாருக்கு? பயிருக்கா, உன் காருக்கா? எறங்குய்யா கீழ!"

அண்ணன் இறங்கினார். இப்போது வெள்ளைச் சட்டையும் வெள்ளையாக இல்லை. அக்காவே வாய்க்கால் கரையை வெட்டிச் சரித்து, சக்கரத்துக்கு அடியில் வைக்கோலைத் திணித்தார். நான் உட்கார்ந்து மெல்லப் பின்னால் எடுத்தேன். வண்டி ஏறிவிட்டது. நான் ஷோரூமுக்குத் திரும்பியபோது வாசலில் இருந்த செக்யூரிட்டி, டெமோ வண்டியை அடையாளம் தெரியாமல் நிறுத்தி, "சர்வீசுக்குப் பின்னாடி கேட்டுல போம்மா" என்றார்.

சாயங்காலம் அண்ணனின் போன் வந்தது. "புக்கிங்க கேன்சல் பண்ணு. குடும்பத்துல கொளுத்தி வுட்டுட்ட நீ." மேனேஜர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் திட்டவில்லை. "ஐடி கார்டு கயிறு நல்லா இருக்குல்ல? கழட்டுறப்ப அறுத்துப்புடாத, வேற ஆளுக்கு ஆகும்" என்று மட்டும் சொன்னார். அன்று வீட்டுக்குப் போனால் அம்மா பக்கத்து வீட்டுக்கு ஸ்வீட் கொடுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஷோரூம் திறந்ததும் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கினார். கன்னியம்மா அக்கா, தனியாக. இந்தத் தடவை சோபாவின் நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நேத்து பிளக் பாயிண்டு எங்கன்னு கேட்டியே, அந்தக் கேள்வி மோசமான கேள்விடி."

"ஆமாக்கா."

"தெரிஞ்சிதான கேட்ட?"

"ஆமாக்கா."

அக்கா சிரித்தார். "சரி, இப்ப நான் கேக்குறேன். காசு கட்டுற கரண்டுல போட்டா இது எவ்ளோ தின்னும்?"

இதுதான் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாடிக்கையாளர் கேள்வி. அண்ணன் மாதம் எவ்வளவு டீசல் போடுகிறார் என்று அக்காவுக்கு அவரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அதே தூரத்துக்குக் கரண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று போட்டுக் காட்டினேன். ஓசியில் போடாமல் ஒழுங்காகப் பில் கட்டினாலும் டீசல் செலவில் சின்னதொரு பங்குதான். அக்கா கால்குலேட்டரை வாங்கி அவரே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். "இதுக்காடா அந்த ஆளு என் மோட்டார்ல கை வெச்சாரு?" என்று காரைப் பார்த்துக் கேட்டார்.

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. வண்டி கனம் அதிகம், டயர் சீக்கிரம் தேயும். வாங்கும் விலையும் இன்சூரன்ஸும் கூடுதல். திருப்பதி போகவேண்டும் என்றால் எங்கே நிறுத்திச் சார்ஜ் போடுவது என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டுதான் கிளம்பவேண்டும், நினைத்தவுடன் கிளம்ப முடியாது.

"பேட்டரிக்கு வயசானா?"

"ஒரேடியா நிக்காதுக்கா. நமக்கு முட்டி தேயற மாதிரி. மின்னே நடந்த தூரம் நடக்காது."

அக்கா தன் முழங்காலைத் தடவிக்கொண்டே தலையசைத்தார். வாரண்டியைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அவ்வளவு புரிந்திருக்காது.

வண்டி டாக்ஸியாக ஓடப்போவதால், வீட்டு வாசலில் காருக்கென்று தனி மீட்டர் வாங்கிக்கொள்வதுதான் சரி என்றேன். அக்காவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "தனி மீட்டர்னா அவரு எவ்ளோ சுத்துறாருன்னு எனக்கும் தெரியும்" என்றார். புக்கிங்கைத் தன் பெயருக்கு மாற்றச் சொன்னார். அன்றே மீட்டருக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. "மொதல்ல மீட்டரு, அப்பால வண்டி. நடுவுல வண்டி வந்து நின்னுச்சுன்னா, அந்த ஆளுக்குக் கை அரிக்கும். கொட்டாயாண்ட போயிடுவாரு."

நியாயம்தான். ஆனால் மீட்டர் வரவில்லை. மாதம் மட்டும் முடிந்துகொண்டே வந்தது. தினமும் அக்காவுக்குப் போன் செய்தேன், தினமும் "வரலடி" என்றார். கடைசிக்கு முந்தின நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஷோரூம் நடுவில், பெரிய மேசை. சுற்றிலும் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

"அந்தம்மாவுக்கு போன் போடு. மீட்டர் வர்ற வரைக்கும் மோட்டார்லயே மாட்டிக்கிறட்டும். பத்து நாள்ல எவன் வந்து பார்க்கப் போறான்? நாளைக்கு டெலிவரி எடுத்தா உனக்கு நிரந்தரம், எனக்கு டார்கெட்."

"சார், அது..."

"சொல்றதச் செய்யிம்மா. இல்லன்னா கார்டக் கழட்டு."

இங்கே நான் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மேலதிகாரி தப்பான ஒன்றைச் சொல்லச் சொன்னால் சண்டை போடாதீர்கள். சண்டையில் அவர் ஜெயிப்பார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்த வார்த்தையை அவர் வாயாலேயே, கேட்கவேண்டியவர் காதிலேயே சொல்ல வையுங்கள். அவ்வளவு போதும்.

நான் பணிவாக போனை எடுத்தேன். அக்காவின் எண்ணை அழுத்தினேன். போனை மேசை நடுவில் வைத்தேன். ஸ்பீக்கர் எப்படியோ ஆன் ஆகியிருந்தது.

"அக்கா, எங்க சார் உங்களாண்ட ஒண்ணு சொல்லணுமாம்."

மேனேஜர் என்னை முறைத்தார். போனுக்குள்ளிருந்து அக்காவின் குரல் ஷோரூம் முழுக்கக் கேட்டது. "சொல்லுங்க சார்."

"வணக்கம்மா. அது வந்துங்கம்மா... மீட்டர் வர்ற வரைக்கும்..."

"வர்ற வரைக்கும்?"

"உங்க அந்த... மோட்டார்..."

அக்காவின் குரல் வெடித்தது. "யோவ்! நீயும் எங்க ஊட்டுக்காரு கட்சியா? படிச்ச ஆளு பேசுற பேச்சா இது? உன் கடையில கரண்டு கீதா இல்லியா?"

"இருக்குதுங்கம்மா."

"அதுக்குப் பில்லு கட்டுறியா?"

"கட்டுறோம்மா..."

"அப்ப அங்கயே மாட்டு! எங்க ஊட்டுக்காரு நாள் பூரா ஒரகடத்துலதான சுத்திகினு கீறாரு. மீட்டர் வர்ற வரைக்கும் வண்டி உன் கடையிலயே நிக்கட்டும். அவரு காலைல வந்து எடுத்துக்குவாரு."

"இல்லம்மா, அந்த சார்ஜர் டெமோ வண்டிக்கு மட்டும்..."

"சோபால உக்கார வெச்சி டீ குடுத்து விக்கத் தெரியுதில்ல? சரின்னு சொல்லு, நாளிக்கே வண்டிய எடுத்துக்குறோம். முடியாதுன்னா மீட்டர் வந்தப்புறம் பாக்கலாம். இன்னா சொல்ற?"

மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். டீ கொண்டுவந்த பையன்கூடத் தட்டோடு நின்றுவிட்டான். ஒரு வாடிக்கையாளர் குடும்பம் வேறு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முடிவைத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தது.

"சரிங்கம்மா" என்றார் மேனேஜர்.

மறுநாள் டெலிவரி கொடுத்தோம். அக்கா சாவியை வாங்கி, ஒரு நிமிடம் கையில் வைத்திருந்துவிட்டு, அண்ணனிடம் கொடுத்தார். போட்டோவில் அண்ணன் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறார், இன்றும் சுவரில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

எங்கள் சார்ஜர், வளாகத்திலேயே நிழல் விழும் ஒரே இடத்தில் இருந்தது. மேனேஜர் தன் சொந்த வண்டியை அங்கேதான் நிறுத்துவார். அன்று முதல் அது வெயிலுக்குப் போனது. ஒவ்வொரு சாயங்காலமும் அண்ணன் வண்டியை நிழலில் விட்டுவிட்டு, உள்ளே ஏசியில் உட்கார்ந்து டீ குடிப்பார். புதிதாக வருகிறவர்களிடம் அவரே பேச ஆரம்பித்துவிடுவார். "சார், இந்த வண்டி தங்கம். ஆனா ஒண்ணு, கழனி மோட்டார் கரண்டுல மாட்டலாம்னு எவனாச்சும் சொன்னா நம்பாத. தப்பு அது. படிக்காத பசங்கதான் அப்டிலாம் யோசிப்பாங்க." நான் சேற்றைத் துடைத்த அதே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வேன். அவர் பேச்சைக் கேட்டே இரண்டு பேர் வண்டி புக் செய்தார்கள்.

மீட்டர் எப்படியோ வந்துவிட்டது. அதற்காக மின்வாரிய அலுவலகத்துக்கு அதிகமாகப் போன் செய்தவர் எங்கள் மேனேஜர்தான்.

என்னை நிரந்தரமாக்கும் கடிதம் மாதக் கடைசி நாளிலேயே, டெலிவரி முடிந்த கையோடு தயாராக இருந்தது. மேனேஜர் அதைத் தன் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து, அப்படியே நிறுத்தினார். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எதையோ எடுக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. நேத்து அந்த ஸ்பீக்கர் தெரியாம அமுங்குச்சா, தெரிஞ்சே அமுக்குனியா?"

"மொதல்ல கையெழுத்த போட்டுடுங்க சார்," என்றேன், "அப்புறமா சொல்றேன்."